வெள்ளைக் கதவில் இருப்பது என் கையெழுத்து

இருநூறு சொற்களுக்குள் ஒரு குறிப்பு எழுதித் தரும்படி கேட்டிருந்தீர்கள். நூலகக் கண்காட்சியில் அந்தப் புகைப்படத்துக்குக் கீழே ஒட்டுவதற்கு. மூன்று தடவை எழுதினேன், மூன்று தடவையும் கிழித்துப் போட்டேன். இருநூறு சொற்களில் எனக்குப் பொய்தான் எழுத வருகிறது. ஆகவே இதை நம் மகளிர் மரபு வட்டத்தின் உறுப்பினர்களுக்கே எழுதுகிறேன். ஒட்டுவதா விடுவதா என்று வாசித்த பிறகு நீங்களே தீர்மானியுங்கள். ஆனால் கடைசிவரை வாசியுங்கள். வாட்ஸ்அப்பில் எது வந்தாலும் முதல் வரியோடு நிறுத்திவிட்டுக் கும்பிடும் கை ஒன்றை அனுப்புகிறவர்கள் நம்மில் யார் யார் என்று எனக்குத் தெரியும்.

கடந்த மூன்று ஸூம் கூட்டங்களை நினைத்தாலே தலை இடிக்கிறது. முதல் கூட்டம் ‘முன்னோடிகள்’ என்று போடுவதா ‘முன்னோர்’ என்று போடுவதா என்பதில் போனது. இரண்டாவது கூட்டம், திறப்பு நாளில் எல்லோரும் ஒரே நிறத்தில் சேலை உடுப்பதா என்பதில். மூன்றாவதில்தான் செயலாளர் அந்தப் படத்தைத் திரையில் காட்டினார். வெள்ளைக் கதவு ஒன்று, அதில் கறுப்பு மையில் முப்பத்தொரு பெயர்கள், ஊர்களோடு. “இந்தக் கோலியர்ஸ் வுட் பகுதியில எங்கட ஆக்களைப் பற்றிக் கிடைச்ச முதல் ஆவணம் இதுதான்” என்றார். எல்லோரும் கைதட்டினீர்கள். நான் மைக்கை அணைத்து வைத்திருந்தேன். அணைத்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

அந்த ஆவணத்தை எழுதியவள் நான். அப்போது எனக்குப் பதினொரு வயது. அதன் வரிசை பிழை. முதலில் இருக்கவேண்டிய பெயர் அதில் இல்லவே இல்லை.

நமக்கு முன்பும் இங்கே ஒரு வட்டம் இருந்தது. நம் அம்மாக்களின் வட்டம். அவர்கள் ஞாயிறு பின்னேரங்களில் கூடும்போது மாடிப்படியில் குந்தியிருந்து பிஸ்கட் தின்ற பிள்ளைகள் நாம்தான். பெரும்பாலும் எங்கள் வீட்டு முன்னறையில் கூடுவார்கள். கடையிலிருந்து வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமலே சோபாவைப் பாவித்த காலம். வெய்யில் நாளில் அது தொடையில் ஒட்டிக்கொள்ளும், எழும்பினால் சீலை கிழிவதுபோல் சத்தம் வரும். மழை நாளில் ஈரக் கோட்டுகளை எல்லாம் எங்கள் கட்டிலில் குவிப்பார்கள். கம்பளி வாசமும் பூச்சி உருண்டை வாசமும் வெங்காயம் பொரித்த வாசமும் புதன்கிழமை வரைக்கும் அந்தக் கட்டிலைவிட்டுப் போகாது.

அவர்களின் தலைவியை எங்கள் அம்மாக்கள் அக்கா என்றார்கள், நாங்கள் தலைவி அன்ரி என்றோம். ஊரில் ஒரு பெண்கள் பாடசாலையில் உப அதிபராக இருந்தவர். இங்கே நான் படித்த பள்ளிக்கூடத்திலேயே மதியச் சாப்பாடு பரிமாறினார். தலைமுடிக்கு வலைத்தொப்பி போட்டுக்கொண்டு, பெரிய கரண்டியால் உருளைக்கிழங்கு அள்ளி வைப்பார். என் முறை வரும்போது மட்டும் தட்டைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. வீட்டில் வந்து அவரைப்போல் கரண்டி பிடித்துக் காட்டிச் சிரித்திருக்கிறேன். அம்மா சிரிக்கவில்லை.

அந்தக் கோடையில் நூலகம் எங்கள் அம்மாக்களுக்கு ஒரு கண்ணாடிப் பெட்டியையும் அதன் பக்கத்துச் சுவரையும் இரண்டு கிழமைக்கு, முழுதாகப் பதினாலு நாளுக்கு, தருவதாகச் சொன்னது. இந்தப் பகுதிக்கு வந்து குடியேறியவர்கள் தங்கள் வரலாற்றைக் காட்டலாம் என்று. உடனே தொடங்கியது சண்டை. முதலில் வந்தது யார்? கப்பலில் வந்தவரா, விமானத்தில் வந்தவரா? படிக்க வந்தவர் கணக்கில் வருவாரா, குடியிருக்க வந்தவர் மட்டுமா? பக்கத்து டூட்டிங்கில் இரண்டு வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவரை எங்கே சேர்ப்பது? நாலு ஞாயிற்றுக்கிழமை இதிலேயே போனது. தலைவி அன்ரிக்கு மட்டும் சந்தேகமே இருக்கவில்லை. அவருடைய கணவரின் அண்ணர்தான் முதலாமவர். டொக்டர். எல்லோருக்கும் வழி காட்டியவர்.

“காட்டுறதுக்கு என்ன இருக்கு அக்கா?” என்று அம்மா கேட்டார். “டொக்டரின்ர படம் ஒண்டை மட்டும் அவ்வளவு பெரிய சுவரில தொங்கவிட ஏலுமே?”

“வேற என்ன இருக்கு? சொல்லும் பாப்பம்.”

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, “நர்ஸ் அக்கா வீட்டு அலுமாரிக் கதவு இருக்கெல்லே” என்றார்.

சட்டென்று எல்லோரும் சீலைத் தலைப்பை நீவத் தொடங்கினார்கள். தேநீர்த் தட்டோடு வாசலில் நின்ற எனக்கே ஏன் என்று விளங்கியது. அங்கே இருந்த பதினொரு பெண்களில் ஏழு பேராவது அந்த வீட்டின் பின்னறையில் படுத்து எழும்பியவர்கள். நாலு ஞாயிறாக யார் முதல் யார் முதல் என்று கத்தியவர்களில் ஒருவர்கூட அந்த வீட்டைப் பற்றி வாய் திறந்திருக்கவில்லை.

நர்ஸ் அன்ரி மலேசியாக்காரர். ஈப்போவில் பிறந்தவர். நர்ஸ் படிப்புக்கென்று வந்து, இங்கேயே வேலையாகி, ஸ்டேஷனுக்குப் பின்னால் மூன்றாவது தெருவில் ஒரு வீடு வாங்கித் தனியாக இருந்தார். கலியாணம் கட்டவில்லை. அதைப் பற்றி நம் அம்மாக்கள் என்னென்ன பேசினார்கள் என்று இங்கே எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் விமான நிலையத்தில் இறங்கிப் போக்கிடம் இல்லாமல் நின்ற எவரும் கடைசியில் போய்ச் சேர்ந்தது அவர் வீட்டுப் பின்னறைக்குத்தான். யாரோ ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லி, அவர் மற்றவருக்குச் சொல்லி, அந்த விலாசம் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது.

நாங்களும் அப்படித்தான் போனோம். அப்பா முதலே வந்துவிட்டார், ஆனால் நாலு ஆண்களோடு ஓர் அறையில் இருந்தார். பிறகு அம்மாவும் ஆறு வயது நானும் அம்மாவின் தம்பியும் வந்தோம். அப்பா வேறு அறை தேடி எடுக்கும்வரை மூன்று கிழமை நர்ஸ் அன்ரியின் பின்னறைதான் எங்கள் வீடு. கட்டில் ஒன்று, மண்ணெண்ணெயில் எரியும் பரபின் ஹீற்றர் ஒன்று, மண்ணிற அலுமாரி ஒன்று. அம்மாவும் நானும் கட்டிலில் படுத்தோம், மாமா நிலத்தில். முதல் இரவு மட்டும் அம்மா நிலத்தில் படுத்து மாமாவைக் கட்டிலில் படுக்கவிட்டார், அவருக்குக் காய்ச்சல் என்று. அம்மா அந்த மூன்று கிழமையும் உடுப்புகளைப் பெட்டியிலிருந்தே எடுத்து உடுத்தார். அலுமாரியில் அடுக்கினால் இருந்துவிட்டோம் என்று ஆகிவிடும் என்பதுபோல.

அந்த அலுமாரிக் கதவின் உள்பக்கம் மெருகு போடாத வெறும் மரம். அங்கே தங்கிப் போனவர்கள் எல்லோரும் அதில் பெயரும் ஊரும் எழுதியிருந்தார்கள். சிலர் வந்த நாளும். பேனையில், பென்சிலில், ஒருவர் லிப்ஸ்டிக்கில்கூட. மேலே இடம் முடிந்து பக்கங்களில் இறங்கி, கடைசியில் அடிவரைக்கும் வந்திருந்தது.

அதைப் பார்க்க எங்கள் அம்மாக்களில் ஆறு பேர் ஒரு சனிக்கிழமை போனார்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் என் கையெழுத்துக்குப் பரிசு கிடைத்திருந்ததால் எழுதி எடுக்க என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நர்ஸ் அன்ரி இரவு ஷிப்ட் முடிந்து நித்திரையால் எழும்பி வந்து கதவைத் திறந்தார்.

“வாங்க வாங்க. என்ன இது, பொண்ணு பார்க்க வந்த மாதிரி இத்தன பேரு?”

ஒருவரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அந்தப் படியில் பார்த்துப் பார்த்து ஏறினார்கள். பழக்கமில்லாத வீடு மாதிரி.

நான் முழங்காலில் நின்று கொப்பியில் எழுதினேன். எழுதும்போது ஒவ்வொன்றையும் உரக்க வாசிக்கச் சொன்னார் தலைவி அன்ரி. முதலாவது ஒரு பெண்ணின் பெயர், நர்ஸ் படிக்க வந்தவர். இரண்டாவது, மூன்றாவது, நாலாவது. நான் வாசிக்க வாசிக்கத் தலைவி அன்ரியின் முகம் இறுகியது. டொக்டரின் பெயர் பதினாலாவதாக வந்தது. பெயருக்குக் கீழே அவருடைய இளவயதுக் கையெழுத்தில் ‘சோறு கிடைத்தது’ என்று எழுதியிருந்தது.

“அதை வாசிக்கத் தேவையில்லை” என்றார் தலைவி அன்ரி. “பேரை மட்டும் எழுது பிள்ளை.”

ஆனால் எனக்கு வாசித்து வேகம் பிடித்துவிட்டது. ஆகக் கீழே, என் உயரத்தில், மாமாவின் பெயர். அதற்குக் கீழே இருந்ததை நிறுத்தாமல் வாசித்துவிட்டேன். ‘இனி வருபவர் கவனத்துக்கு: கட்டிலில் வலப்பக்கம் படுக்க வேண்டாம், ஸ்பிரிங் குத்தும்.’

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். நர்ஸ் அன்ரி சுவரில் சாய்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். “ஆமா, குத்தும். நாலு வருஷமா மாத்தணும் மாத்தணும்னு இருக்கேன்.”

தலைவி அன்ரி மட்டும் அம்மாவைப் பார்த்து, “உம்மட தம்பிக்கு எழுத வேற ஒண்டும் கிடைக்கேல்லையே? வெள்ளைக்காரர் பாக்கிற இடத்தில கட்டிலையும் ஸ்பிரிங்கையும் வைக்கிறதே?” என்றார். அம்மாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

மாமா அப்போது இங்கே இல்லை. இரண்டு குளிர்காலம் பார்த்துவிட்டு, தனக்கு ஏலாது என்று ஊருக்குத் திரும்பிவிட்டார். கடிதம் எழுதும் ஆள் இல்லை. கசெற்றில் பேசி அனுப்புவார், அதைக் கேட்டுவிட்டு அதன் மேலேயே நாங்கள் பதில் பேசித் திருப்பி அனுப்புவோம். ஒரே கசெற் போய்ப் போய் வந்தது. அதைவிட மோசமான யோசனை உலகத்தில் இருக்காது என்று இப்போது தெரிகிறது. அன்று எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள்.

கதவைக் கழற்றித் தந்தது நர்ஸ் அன்ரியேதான். சமையலறையிலிருந்து ஸ்குரூ டிரைவர் எடுத்து வந்து, பிணைச்சலைத் தானே கழற்றினார். “ரெண்டு வாரத்துக்குத்தான். எப்படிக் கொடுத்தேனோ அப்படியே திரும்பி வரணும்” என்றார்.

“அதுக்கென்ன” என்றார் தலைவி அன்ரி.

அடுத்த ஞாயிறு, எங்கள் வீட்டுப் பின்வளவில், பழைய பேப்பருக்கு மேல் அந்தக் கதவைக் கிடத்தினார்கள். யன்னல் சட்டங்களுக்கு அப்பா பூசி மிஞ்சிய வெள்ளைப் பெயின்ற் பேணி ஒன்று கொட்டிலில் இருந்தது. தலைவி அன்ரி விளக்கினார். இப்படிக் கிறுக்கிக் கிடந்தால் ஒருவருக்கும் விளங்காது. லிப்ஸ்டிக்கில் வேறு எழுதிக் கிடக்கிறது, மரியாதையில்லை. வடிவாகப் பூசி, அதன் மேல் பிள்ளையின் கையெழுத்தில் ஒழுங்காக எழுதுவோம். பெயர்கள் எல்லாம் கொப்பியில் இருக்கின்றனதானே, ஒன்றும் துலையப் போவதில்லை.

ஒருவராவது வேண்டாம் என்றாரா என்று எத்தனையோ தரம் நினைத்துப் பார்த்திருக்கிறேன். இல்லை. அவர்கள் முட்டாள்கள் இல்லை. வேலையில் யாரோ தள்ளிவிட்டதை, பஸ்ஸில் யாரோ முகத்தைச் சுளித்ததை எல்லாம் விழுங்கிக்கொண்டு திரிந்தவர்கள். ஒரு சுவர் கிடைத்தபோது அதில் வெள்ளையாக, நேராக, பிழையில்லாமல் நிற்க ஆசைப்பட்டார்கள். விளங்குகிறது. விளங்கினாலும் எரிச்சல் போகவில்லை. பதினொரு பெண்கள் சேர்ந்து வரலாற்றைப் பாதுகாப்பதற்காக அதன் மேல் பெயின்ற் பூசினார்கள்!

தூரிகையை அம்மாதான் முதலில் எடுத்தார். மேலேயிருந்து தொடங்கவில்லை. கதவைச் சுற்றி வந்து கால்பக்கத்தில் குந்தி, மாமாவின் எழுத்தின் மேல்தான் முதல் பூச்சைப் பூசினார். வெட்கம்.

பெயின்ற் காய்ந்த பிறகு நான் எழுதினேன். கோடு கீறி, கறுப்பு மையில், ஒரு சனி ஒரு ஞாயிறு முழுக்க. கொப்பியைத் தலைவி அன்ரி மடியில் வைத்துக்கொண்டு பெயர்களைச் சொல்லச் சொல்ல எழுதினேன். முதலாவதாக டொக்டரின் பெயர் வந்தது. அது பதினாலாவது என்று எனக்குத் தெரியும். நிமிர்ந்து பார்த்தேன்.

“எழுது” என்றார்.

எழுதினேன். சங்கடப்பட்டேன் என்று சொன்னால் பொய். என் எழுத்து அந்த வெள்ளையில் எவ்வளவு வடிவாக இருக்கிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடியும் நேரத்தில் அம்மா மெல்லக் கேட்டார். “அப்ப நர்ஸ் அக்காவின்ர பேர்?”

“அது கதவில இல்லையே” என்றார் தலைவி அன்ரி. “இல்லாததை நாங்கள் எப்பிடிச் சேர்க்கிறது? ஆதாரம் வேணுமெல்லே. மற்றது, அவ மலேசியா. அவவின்ர ஆக்கள் தங்கட வரலாற்றைத் தாங்கள் எழுதுவினம்.”

அம்மா மைப் போத்தலை மூடினார். கொப்பி தலைவி அன்ரியோடு போனது. பிறகு அவர்கள் ஹரோவுக்கு வீடு மாறியபோது எங்கேயோ துலைந்துவிட்டது என்று கேள்விப்பட்டேன்.

திறப்பு நாளில் தலைவி அன்ரி பச்சைப் பட்டு உடுத்து ஆங்கிலத்தில் பேசினார். அழகான ஆங்கிலம். பள்ளிக்கூடத்தில் கரண்டியோடு நிற்கும்போது அவர் வாயிலிருந்து வராத ஆங்கிலம். யாரோ படம் எடுத்தார்கள். செயலாளர் நமக்குக் காட்டிய படம் அதுதான். நன்றாகப் பார்த்தால் வலது ஓரத்தில் ஒரு கோட்டின் கை மட்டும் தெரியும். அது நர்ஸ் அன்ரியின் கை.

அவர் வேலையிலிருந்து நேரே வந்திருந்தார், சீருடைக்கு மேல் கோட் போட்டுக்கொண்டு. கதவின் முன்னால் நின்றார். பிறகு அதன் பின்பக்கம் போய்ப் பார்த்தார். உள்பக்கம் அந்தப் பக்கம் இருக்கும் என்று நினைத்திருக்கவேண்டும். அங்கே பழைய மண்ணிற மெருகுதான் இருந்தது. திரும்பி வந்தார்.

“எங்க?” என்றார்.

“வடிவா இருக்கெல்லே அக்கா?” என்றார் தலைவி அன்ரி. “பிள்ளைதான் எழுதினது.”

நர்ஸ் அன்ரி என்னைப் பார்த்தார். “நீயா எழுதின?”

“ஓம்.”

“கையெழுத்து அழகா இருக்கு” என்றார். அவ்வளவுதான். பெயர்களை ஒருதரம் மேலிருந்து கீழே வாசித்துவிட்டு, வடை எடுக்காமல் போய்விட்டார். பேச்சுக்குக் கைதட்டிய சத்தத்தில் அவர் போனதை எத்தனை பேர் கவனித்தார்களோ தெரியாது.

இரண்டு கிழமை முடிந்தது. கதவைத் திருப்பிக் கொண்டுபோக ஒருவரும் வரவில்லை. தலைவி அன்ரிக்கு இடுப்பு வலி. மற்றவர்களுக்கு ஷிப்ட். நூலகத்திலிருந்து எங்கள் வீட்டுக்குப் போன் வந்தது. அம்மா என்னை அனுப்பி நர்ஸ் அன்ரியிடம் சொல்லச் சொன்னார். தான் வரவில்லை. ஆக, கதவின் ஒரு முனையை நர்ஸ் அன்ரியும் மறு முனையை நானும் பிடித்துக்கொண்டு, பிரதான வீதியால், கடைகளைக் கடந்து, ஸ்டேஷனைக் கடந்து நடந்தோம். என் கை மரத்துப்போய் ஒவ்வொரு மின்கம்பத்திலும் இறக்கி வைத்தோம். ஒரு தடவை இறக்கி வைத்தபோது, “உங்கட பேர் ஏன் கதவில இல்லை?” என்று கேட்டேன்.

“என் வீட்டு அலமாரியில நான் எதுக்குடி என் பேர எழுதணும்?” என்றார்.

வீட்டுக்குப் போனதும் கதவைச் சமையலறை நிலத்தில் கிடத்தினார். பெயின்ற் நீக்கும் திரவம் ஒன்று வாங்கி வைத்திருந்தார். யன்னலைத் திறந்துவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு, ஒரு மூலையில் தடவினார். கண் எரிந்தது. பெயின்ற் சுருங்கிக் கொப்புளித்து எழும்பியது. தகட்டால் மெல்லச் சுரண்டினார். வெள்ளை வந்தது. அதனோடு நீலமும் வந்தது. அடியில் இருந்த பழைய பேனை மை எல்லாம் கரைந்து மரத்தில் கறையாகப் பரவியது. எழுத்து என்று ஒன்றும் இல்லை. இன்னோர் இடத்தில் பார்த்தார், அங்கேயும் அப்படியே. பென்சிலால் எழுதிய இடத்தில் பார்த்தார், தகடு அதையும் கொண்டுபோனது.

“கீழ பாருங்கோ, மாமாவின்ரை இருக்கும்” என்றேன். அவர் பார்த்தார். அங்கேயும் நீலக் கறைதான்.

தகட்டைக் கழுவி வைத்தார். கையைக் கழுவினார். நெடுநேரம் கழுவினார். பிறகு எனக்கு மைலோ போட்டுத் தந்துவிட்டு, எதிரில் இருந்து, “உங்க ஆளுங்களுக்கு ஒரு கதவ சும்மா விட்டுவைக்கத் தெரியல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஒரு பெரிய களைப்போடு சொன்னார். எனக்கு அழுகை வந்தது. அவர் அழவேண்டாம் என்றும் சொல்லவில்லை. பிறகு இரண்டு பேருமாகக் கதவைத் திரும்பவும் மாட்டினோம். அதற்குப் பிறகும் அந்த அறைக்கு ஆட்கள் வந்தார்கள், போனார்கள். ஆனால் கறை படிந்த அந்தக் கதவில் ஒருவரும் ஒன்றும் எழுதவில்லை.

ஓய்வு பெற்றதும் வீட்டை விற்றுவிட்டு ஈப்போவுக்குப் போனார். சில வருடம் வாழ்த்து அட்டை வந்தது, பிறகு நின்றுவிட்டது. நம் வட்டத்தில் அவரை நினைவிருக்கிறதா என்று போன மாதம் கேட்டேன். மூன்று பேருக்கு நினைவிருந்தது. அதிலும் ஒருவர், “ஓ, அந்த மலேசியன் அன்ரியா, அவ எங்கட புரொஜெக்ட்டுக்குள்ள வருவாவோ?” என்றார். நாற்பது வருடம் கழித்தும் அதே கேள்வி! வருவார். அவர்தான் முதலில் வருவார். ஆதாரம் என்ன என்று கேட்டால் அந்த முப்பத்தொரு பெயர்களும்தான் ஆதாரம். அவர்கள் எல்லோரும் யாருடைய வீட்டில் படுத்தார்கள்?

இனி நான் சொல்லத் தயங்குவதைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்குப் பதின்மூன்று வயதானபோது, கடைசியாக வந்த கசெற்றில் நாங்கள் பதில் பேசி அனுப்புவதற்குள் மாமா காணாமற்போனார். யுத்தத்தில் ஊர் நிலைமை எப்படி இருந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்து ஊருக்குச் சைக்கிளில் போனவர் திரும்பவில்லை என்று மட்டும் தகவல் வந்தது. இன்றுவரைக்கும் அவ்வளவுதான் தகவல். அம்மாவிடம் இருந்த கசெற்றில் எங்கள் குரல்தான் இருந்தது, அனுப்பாமல் கிடந்த பதில். மாமாவின் எழுத்து என்று வீட்டில் ஒரு துண்டுகூட இல்லை.

ஒரு நாள் பின்னேரம் அம்மா கறிக்கு முட்டைக்கோவா வெட்டிக்கொண்டிருந்தார். நான் மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்தேன். திடீரென்று கேட்டார்.

“நீதானே அண்டைக்கு வாசிச்சனி. ஸ்பிரிங் குத்தும் எண்டதை விட அவன் வேற ஒண்டும் எழுதேல்லையோ?”

எழுதவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அம்மாவின் கத்தி கோவாவின் நடுவில் அப்படியே நின்றது. நான் சொன்னேன்: “கீழ இன்னொரு வரி இருந்தது அம்மா. தலைவி அன்ரி ஏசினதால நான் வாசிக்கேல்லை. ‘அக்காவும் மருமகளும் நானும் சுகமாக வந்து சேர்ந்தோம்’ எண்டு எழுதியிருந்தவர்.”

“எழுத்துப் பிழை ஒண்டும் விடேல்லையோ?”

“இல்லை. வடிவா எழுதியிருந்தவர்.”

அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்பிடியோ” என்றார். பிறகு மிச்சக் கோவாவை வெட்டினார்.

எத்தனையோ வருடம் அம்மா நம்பிவிட்டார் என்றே நினைத்திருந்தேன். கல்யாண வீட்டில், கோயிலில், ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டில்காரரிடம்கூட அந்த வரியைச் சொல்லியிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் நான் எழும்பி வேறு பக்கம் போய்விடுவேன். அந்தக் கதவின் கால்பக்கத்தில் குந்தி, அந்த இடத்தில் தூரிகையை வைத்தவர் அம்மாதான் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. அங்கே எத்தனை வரி இருந்தது என்று என்னைவிட அவருக்கல்லவா தெரிந்திருக்கும்?

அம்மா போய் ஒரு வருடமாகிறது. அதற்கு முன் நம் இளைய உறுப்பினர் அவரை உட்கார்த்தி வைத்து இரண்டு மணி நேரம் குரல் பதிவு செய்திருந்தார். “அன்ரி, யூ மஸ்ட் லிசன்” என்று போன கிழமை எனக்கு ஹெட்போனை மாட்டிவிட்டார். அம்மா கதவைப் பற்றிச் சொன்னார். பெயின்ற் பூசியதைச் சொன்னார், “நான்தான் பூசினனான்” என்று சொன்னார். பிறகு மாமாவின் வரியைச் சொன்னார். நான் சொல்லிக் கொடுத்த அதே வரி. கேட்டுக்கொண்டே ஹெட்போனைக் கழற்றப் போனேன். அதற்குள் அம்மா இன்னும் கொஞ்சம் சொன்னார்.

“‘சேர்ந்தோம்’ எண்டதில ‘ர்’ விட்டிட்டான். ‘சேந்தோம்’ எண்டுதான் எழுதியிருந்தவன். சின்னனிலயிருந்தே அவன் அந்த ‘ர்’ போடமாட்டான். எத்தினை தரம் சொல்லிக் குடுத்திருப்பன்.”

அதைச் சொல்லிவிட்டு அம்மா சிரிக்கிறார். பதிவில் கேட்கும்.

அந்த வரியைப் பெரிய எழுத்தில் சுவரில் போடப்போவதாகச் சொல்கிறீர்கள். கதவில் இருந்தது என்று போடாதீர்கள், அப்படி ஒன்று இருக்கவில்லை. அக்கா ஒருவர் தன் தம்பியைப் பற்றிச் சொன்னது என்று போடுங்கள். அச்சகத்திலிருந்து வந்த மாதிரித் தாளைப் பார்த்தேன். யாரோ அந்த ‘ர்’ஐச் சேர்த்துத் திருத்தியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.